முட்டி வலி: எனக்குக் கைகொடுத்தது
எனக்கு 68 வயசு, 84 கிலோ இருந்தேன். படி ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டியில் உயிர் போகும். தைலம் தேய்த்ததெல்லாம் அரைமணி நேர ஆறுதல்.

பிசியோதெரபிஸ்ட் பெண் சொன்ன கணக்கு உறைத்தது: 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் ஏறும் பாரம் சுமார் 4 கிலோ குறையுமாம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கிப் பிடித்து, மெதுவாக இறக்கணும். அப்புறம் கை ஊன்றாமல் எழுந்து உட்காரணும். முதலில் தலையணை போட்டு உயரமாக்கிக்கொண்டேன்.

ராத்திரி சாதம் ஒரு கரண்டிதான்; கூடவே சுண்டல் அல்லது முட்டை. இந்த வயசில் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரைந்துவிடும்.

இப்போது 78 கிலோ. ரேஷன் வரிசையில் நிற்க முடிகிறது. சம்மணம் போடத்தான் இன்னும் வரவில்லை. "டைனிங் டேபிள் எதுக்கு இருக்கு?" என்கிறாள் வீட்டுக்காரி.