விதை போட்டு வளர்த்த புல்தரையில் முதல் வெட்டு: மலைநாட்டுக்காரருக்கான செய்முறை

மண்ணைக் கொத்தி, விதை தூவி, குருவி பொறுக்காமல் காவல் காத்து, ஒரு வழியாக முற்றம் பச்சையாகிவிட்டது. இனி எப்போது வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது? நுவரெலியா, தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் முதன்முதலாகப் புல்தரை போடுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். விதைப் பைக்கட்டில் முளைக்கும் நாளும் வெட்டும் நாளும் அச்சடித்திருந்தாலும் அதை அப்படியே நம்ப வேண்டாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவுதான். இந்தக் குளிரில் வேர் நிதானமாகத்தான் இறங்கும். மேலே புல் உயர்ந்துவிட்டதே என்று அவசரப்பட்டு மெஷினை இறக்கினால், வெட்டுப்படுவதைவிடப் பிடுங்கப்படுவதுதான் அதிகமாக இருக்கும்.

ஏப்ரல் சீசனுக்கு விருந்தினர் வருவார்கள் என்று ஜனவரியில் விதை போட்டவர்கள் இதை இன்னும் கவனமாகப் படியுங்கள். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் நுவரெலியாவில் உறைபனி விழும். அந்த நாட்களில் வளர்ச்சி பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை. உறைபனி படிந்த புல்லில் கால் வைத்தாலே இலை நொறுங்கி, மிதித்த இடமெல்லாம் பழுப்பாகிவிடும்.

முதலில்: என்ன புல் என்று பாருங்கள்

குளிர் பிரதேச விதைக் கலவையில் பெரும்பாலும் ரை கிராஸ், பெஸ்கியூ, கென்டக்கி புளூ கிராஸ் ஆகியவை சேர்ந்திருக்கும். ரை கிராஸ் நல்ல சூட்டில் ஒரு வாரத்திலேயே முளைத்துவிடும். புளூ கிராஸுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம். அதனால் ஒரே முற்றத்தில் ஒன்று மூன்று அங்குலம் நிற்க, இன்னொன்று அப்போதுதான் ஊசி முனை மாதிரி எட்டிப் பார்க்கும். உயரத்துக்கு முந்தி வந்த புல்லைக் கணக்கில் எடுங்கள். பிந்தி வந்தது முந்தியதை எட்டும்வரை காத்திருக்க வேண்டாம். உயர்ந்த புல் நிழல் கட்டினால் சிறிய நாற்றுகள் வெளிச்சமில்லாமல் நலிந்துபோகும்.

இந்தக் கலவைக்கு முதல் வெட்டு உயரம் மூன்றிலிருந்து மூன்றரை அங்குலம். பேர்மியூடா விதை போட்டவர்கள் இரண்டு அங்குலத்திலேயே வெட்டலாம். அது படர்ந்து வளரும் சாதி. ஓர் அடிமட்டத்தை மண்ணில் ஊன்றி, நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் புல் எப்போதும் உள்ளதைவிட உயரமாகத்தான் தெரியும்.

இழுத்துப் பார்ப்பது

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. குந்தி உட்கார்ந்து, ஒரு புல்லின் நுனியை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக மேலே இழுங்கள். இலை விரலில் வழுக்கிக்கொண்டு போனாலோ பாதியில் அறுந்தாலோ வேர் பிடித்துவிட்டது. வெள்ளை நூல் மாதிரி வேரும் ஒரு சிட்டிகை மண்ணுமாகப் புல் முழுசாகக் கையோடு வந்தால், இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். பிறகு மறுபடியும் பாருங்கள்.

ஒரே இடத்தில் பார்த்துவிட்டு எழும்பிவிடக் கூடாது. நம் முற்றங்கள் பெரும்பாலும் சரிவானவை. மழைக்கு விதை கீழே அள்ளுண்டு போய், கான் (தண்ணீர் ஓடும் வடிகால்) ஓரத்தில் அடர்த்தியாகவும் மேல் விளிம்பில் ஐதாகவும் முளைத்திருக்கும். கான் ஓரத்துப் புல் நெருக்கத்தில் போட்டி போட்டு உயர்ந்திருக்கும். வேர் ஆழமாக இருக்காது. மர நிழலில் நிற்பதும் அப்படித்தான். ஆகவே மேலே, கீழே, நடுவில், நிழலில் என்று தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். ஒரு பகுதி தயாராகி மறு பகுதி தயாராகவில்லை என்றால், தயாரானதை மட்டும் வெட்டுவதில் ஒரு குற்றமும் இல்லை.

அடுத்து மண். குதிக்காலை அழுத்தி ஊன்றி எடுங்கள். பள்ளம் விழுந்து அதில் ஈரம் மினுங்கினால் மெஷின் ஏற்ற வேண்டாம். விதைப்புக்காகக் கொத்திய மண் இன்னும் பொலபொலவென்றுதான் இருக்கும். ஈரத்தோடு சக்கரம் ஏறினால் தடம் பதிந்து, அந்தத் தடம் மாதக்கணக்கில் கண்ணில் படும்.

நாளும் நேரமும்

பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் வெட்டுங்கள் என்ற யோசனையைப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். வெயில் கொளுத்தும் ஊருக்கு அது பொருந்தும். இங்கே காலையில் பனி, பின்னேரம் மூடுபனி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் தாண்டியதும் இடியோடு மழை இறங்கிவிடும். நமக்கு வாய்த்த நேரம் பனி உலர்ந்த பிறகு, மத்தியானத்துக்கு முன்னால் உள்ள அந்த இரண்டு மூன்று மணித்தியாலம்தான்.

இலையில் மட்டும் பனி நிற்கிறது, மண் காய்ந்திருக்கிறது என்றால் ஒரு வழி இருக்கிறது. லேசான ஒரு கயிற்றை ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் பிடித்து, புல்லின் மேல் ஒரு தடவை மெதுவாக இழுத்துச் சென்றால் துளிகள் உதிர்ந்துவிடும். கோல்ஃப் மைதானங்களில் செய்கிற வேலைதான். அரை மணி நேரத்தில் இலை காய்ந்துவிடும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். அதே காலத்தில் ஊவாப் பக்கம், பண்டாரவளையிலும் வெலிமடையிலும், காற்றும் வறட்சியுமாக இருக்கும். ஆகவே மேற்குச் சரிவில் இருப்பவர்கள் இரண்டு நாள் வெளிக்கிற நேரம் பார்த்து வெட்ட வேண்டும். ஊவாக்காரர்கள் முதல் நாளே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினால் போதும்.

எதனால் வெட்டுவது

முற்றம் சின்னது என்றால் வேலி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலே போதும். பாரம் ஏறாது, நாற்று பிடுங்குப்படாது. கொஞ்சம் பெரிய இடத்துக்குக் கையால் தள்ளுகிற உருளை மெஷின் என்னுடைய முதல் தெரிவு. 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர், துணி ஆலையில் துணியின் மேல் நூல் பிசிறைச் சீவும் இயந்திரத்தைப் பார்த்து உருவாக்கியது அது. இன்றைக்கும் சுற்றுகிற அலகும் அசையாத அலகும் சேர்ந்து கத்தரி மாதிரி நறுக்கும். பெற்றோல் மெஷினும் சரிதான், பாரம் குறைந்ததாகப் பாருங்கள்.

நைலோன் நூல் சுற்றுகிற கட்டரை முதல் வெட்டுக்கு எடுக்கவே வேண்டாம். அது அடித்துக் கிழிக்கும்; கை ஒரு தடவை தாழ்ந்தால் அந்த இடம் மொட்டையாகிவிடும்.

எந்த மெஷின் என்றாலும் அலகு கூராக இருக்க வேண்டும். மழுங்கிய அலகு இலை நுனியை நார் நாராகக் கிழித்துவிடும். இரண்டு நாளில் முற்றம் முழுக்க வெளிறிப்போன நுனியாகத் தெரியும். நம் ஈரக் காற்றுக்குப் பூஞ்சணம் அந்தக் கிழிசல் வழியாகத்தான் ஏறும். பெற்றோல் மெஷினில் கை வைப்பதற்கு முன்னால் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, அலகை அரத்தால் ராவுங்கள்.

உயரம் வைப்பது

ஒரு வெட்டில் புல்லின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மூன்று அங்குலம் நின்றால் இரண்டுக்குக் குறையக் கூடாது. மூன்றரை என்றால் இரண்டரையில் நிறுத்துங்கள். இளம் புல்லுக்கு வேரில் சேமிப்பு கிடையாது. இலைதான் அதற்குச் சோறு போடுகிறது. இலையை அதிகம் எடுத்தால் வேர் இறங்குவது அங்கேயே நின்றுவிடும்.

தோட்டத்து மக்களுக்கு இது புதிதல்ல. கவ்வாத்து வெட்டிய தேயிலையில் முதல் கொழுந்தை மட்டக்கம்பு வைத்து எடுப்பது எப்படியோ, இதுவும் அப்படித்தான்: மேலே மட்டம் கட்டினால் பக்கத்தில் வெடித்துப் பரவும். புல்லின் வளரும் குருத்து மண்ணோடு ஒட்டிக் கீழே இருப்பதால் நுனி போவதில் அதற்கு நட்டமில்லை. அடியில் வெளிச்சம் பட்டதும் பக்கக் கன்று வரும், வெற்றிடம் மூடும்.

மெஷினின் நெம்பில் 1, 2, 3 என்று இருப்பதை அங்குலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சீமெந்துத் தரையில் மெஷினை நிறுத்தி, பிளக் வயர் கழன்றிருக்கும்போதே, தரையிலிருந்து அலகின் விளிம்பு வரை அடிமட்டத்தால் அளந்து உயரத்தை வையுங்கள்.

வெட்டும்போது

கல், சுள்ளி, சவுக்குக் காய் எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். பூட்ஸ் போடுங்கள்; மழைக்காலம் என்றால் அட்டைக்கும் சேர்த்து. சரிவில் குறுக்காகப் போங்கள். மேலும் கீழுமாகத் தள்ளினால் கால் வழுக்கும்போது மெஷின் உங்கள் மேல்தான் வரும். நிற்கச் சிரமமான சரிவு என்றால் மெஷினை விட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுங்கள்.

திரும்புகிற இடத்தில்தான் அதிகச் சேதம் நடக்கும். புல்லின் மேல் நின்று சக்கரத்தைத் திருகினால் நாற்று வேரோடு முறுகி வரும். பாதையிலோ முற்றத்துச் சீமெந்திலோ வைத்துத் திரும்புங்கள். அதற்கு வழியில்லையென்றால் மெஷினை நிறுத்தித் தூக்கித் திருப்புங்கள். ஒரே வரியில் இரண்டு தடவை போக வேண்டாம். ஒன்றிரண்டு தாள் தப்பி நின்றால் நிற்கட்டும்.

மழையால் புல் மிஞ்சி வளர்ந்திருந்தால்

இரண்டு வாரம் விடாத மழை, புல் ஆறு அங்குலம். ஒரே வெட்டில் இறக்க ஆசை வரும். முதலில் நாலுக்கு இறக்குங்கள். மூன்று நாலு நாள் விட்டு மூன்றுக்கு வாருங்கள். இரண்டரையை அதற்கடுத்த வெட்டில் தொட்டால் போதும்.

வெட்டிய பிறகு

தூளாக விழுந்த புல்லை அப்படியே விடுங்கள், உரமாகிவிடும். கட்டியாக விழுந்ததை ஈர்க்கு விளக்குமாற்றால் லேசாகத் தட்டிப் பரப்புங்கள். அள்ளுவதென்றாலும் அதே கை லேசில்தான். இரும்பு வாரி கூடாது.

தண்ணீரை இனி அடிக்கடி கொஞ்சமாகத் தெளிப்பதை விட்டு, இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றுங்கள். வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும். களைக்கொல்லி மருந்தை நாலு தடவை வெட்டி முடியும்வரை கிட்டவும் கொண்டுவர வேண்டாம். தொட்டாற்சுருங்கி மாதிரி வந்தால் கையால் பிடுங்குங்கள். நிமிர்ந்து வளர்கிற ஓராண்டுக் களைகளில் பல, வெட்ட வெட்டத் தானாகவே போய்விடும்.

அடுத்த வெட்டுக்கும் அடிமட்டத்தையே பாருங்கள். மூன்று அங்குலம் தொட்டதும் மறுபடி இரண்டுக்கு வெட்டலாம். மழை வெயில் மாறிமாறி வருகிற மாதத்தில் அது ஒரு வாரத்திலேயே வரும். பனிக்காலத்தில் இன்னும் இழுபடும்.