பேஸ்பால் ஷோகேஸுக்குப் பணம் கட்டும் முன்

"வாழ்த்துகள்! எங்கள் பேஸ்பால் ஷோகேஸுக்கு உங்கள் மகன் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறான்" என்று மின்னஞ்சல் வந்த அன்று வீட்டில் பாயசம் வைக்காத குறைதான். பையன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. சில நூறு டாலர் கட்டணம், இரண்டு மாநிலம் தாண்டி கார் ஓட்டம், ஹோட்டலில் இரண்டு ராத்திரி. மைதானத்தில் போய் நின்றால், அவன் டீமில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் பையனும் அங்கே நிற்கிறான். அவனுக்கும் அதே வாழ்த்து வந்திருக்கிறது. பந்தை அடிப்பவன் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் கல்லூரி கோச்சுகளுக்கென்று போட்டிருந்த நாற்காலிகளில் பெற்றோர்கள் நாங்கள்தான் உட்கார்ந்திருந்தோம்.

போன காசு போனதுதான். அதற்குப் பிறகு தட்டுத் தடுமாறி நாங்கள் கற்றுக்கொண்ட வழியை எழுதுகிறேன். அமெரிக்காவில் பையன் ஹைஸ்கூல் பேஸ்பால் ஆடுகிறான், கல்லூரியிலும் ஆட ஆசைப்படுகிறான், நமக்கோ ஆட்டமே புதுசு என்று முழிக்கும் பெற்றோருக்காக.

ஷோகேஸ் என்பது போட்டி இல்லை. பையன்களை வரிசையாக ஓடவிட்டு, எறியவிட்டு, அடிக்கவிட்டு, எல்லாவற்றையும் அளந்து இணையத்தில் ஏற்றுவார்கள். முடிவில் பெயருக்கு ஓர் ஆட்டம். இவற்றை நடத்துபவர்களில் பெர்ஃபெக்ட் கேம், ப்ரெப் பேஸ்பால் (முன்பு ப்ரெப் பேஸ்பால் ரிப்போர்ட்) இரண்டும் பெரிய பெயர்கள்.

அங்கே யாரோ ஒரு கோச் நம் பையனைக் 'கண்டுபிடிப்பார்' என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி நடப்பது அபூர்வம். ஏற்கெனவே அவன் மேல் கண் வைத்திருக்கும் கோச் நேரில் சரிபார்த்துக்கொள்ளும் இடம் அது. ஜாதகம் பொருந்திய பிறகுதானே பெண் பார்க்க வருவார்கள்? நாங்கள் ஜாதகமே கொடுக்காமல் பஜ்ஜி சொஜ்ஜி செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

படி 1: வீட்டிலேயே அளந்து பாருங்கள்

முதலில் 60 கெஜ ஓட்டம். 180 அடி, அதாவது இரண்டு பேஸ் தூரம். ஹோம் பிளேட்டிலிருந்து ஃபவுல் கோட்டோரமாக டேப் பிடித்து அளந்து ஓடவிடுங்கள். 7 நொடியை ஒட்டி ஓடினால் ஹைஸ்கூலுக்குப் பரவாயில்லை. கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. பிரித்திருக்கும் மூன்று தட்டுகளில் மேல்தட்டு டிவிஷன் ஒன்; அந்தக் கல்லூரிகள் அவுட்ஃபீல்டரிடமும் (மைதானத்தின் கோடியில் நிற்பவன்) ஷார்ட்ஸ்டாப்பிடமும் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவன்) 6.7, 6.8 எதிர்பார்க்கும். பிட்சர், அதாவது பந்து எறிபவன் என்றால் வேகத்தை அளக்கும் ரேடார் கன்தான் பேசும். வலது கைக்காரன் மணிக்கு 90 மைலை நெருங்கினால்தான் பெரிய டிவிஷன்கள் திரும்பிப் பார்க்கும்.

என் மகன் கேட்சர், அடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன். அவனுக்கு முக்கியம் பாப் டைம்: பந்து அவன் கிளவுஸில் பட்ட நொடியிலிருந்து, இரண்டாம் பேஸில் நிற்பவன் கிளவுஸில் விழும் நொடி வரை. தூரம் 127 அடி 3 அங்குலம். டிவிஷன் ஒன் கோச்சுகள் 2 நொடியையோ அதற்குக் கீழேயோ தேடுவார்கள். இதற்கு ஸ்டாப் வாட்ச் வேண்டாம். ஃபோனில் நொடிக்கு 60 ஃபிரேம் வைத்து, இரண்டு கிளவுஸும் தெரிகிற மாதிரி பக்கவாட்டிலிருந்து படம் பிடித்து, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி எண்ணுங்கள். 120 ஃபிரேம் என்றால் சரியாக 2 நொடி. முதல் தடவை எண்ணியபோது எங்களுக்கு 131 வந்தது, அதாவது 2.18. அதே எறிதலை நான் ஸ்டாப் வாட்சில் 2.0 என்று பிடித்திருந்தேன். தாய்ப்பாசம் கட்டைவிரல் வரைக்கும் போகும் போல.

இலக்குக்கு ரொம்ப தூரத்தில் இருந்தால் ஷோகேஸ் வேண்டாம். பலவீனமான எண்ணைக் காசு கொடுத்து இணையத்தில் ஏற்றுவானேன்? அந்தப் பணத்தை ஆறு மாதப் பயிற்சியில் போடுங்கள்.

படி 2: ரோஸ்டரைப் படியுங்கள்

கல்லூரி என்றாலே டிவிஷன் ஒன் இல்லை. டிவிஷன் டூ, டிவிஷன் த்ரீ, சிறிய கல்லூரிகளின் தனிச் சங்கமான என்.ஏ.ஐ.ஏ., இரண்டு வருட ஜூனியர் காலேஜ் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு கல்லூரி டீமின் தளத்திலும் ரோஸ்டர், அதாவது ஆட்டக்காரர் பட்டியல், வெளிப்படையாக இருக்கும்: பெயர், உயரம், எடை, வருடம், முன்பு படித்த இடம். உங்கள் பையனின் இடத்தில் எத்தனை பேர், அவன் சேரும் வருடம் அவர்களில் எத்தனை பேர் மிச்சமிருப்பார்கள் என்று எண்ணுங்கள். 'முன்பு படித்த இடம்' என்பதில் வேறு கல்லூரிப் பெயர்களாக இருந்தால், அந்தக் கோச் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் இடம்) ஆள் எடுக்கிறார் என்று அர்த்தம். 22 வயதுக்காரனோடு 18 வயதுப் பையன் அங்கே மோத வேண்டும்.

படி 3: ஸ்காலர்ஷிப் கணக்கைப் போடுங்கள்

செலவெல்லாம் ஸ்காலர்ஷிப்பில் திரும்பிவிடும் என்று டிராவல் டீம் (பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகப் போய் ஆடும் டீம்) பெற்றோர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2024-25 வரை ஒரு டிவிஷன் ஒன் டீமுக்கு மொத்தமே 11.7 ஸ்காலர்ஷிப். அதைத்தான் துண்டு துண்டாகப் பங்கு போட்டார்கள். என்.சி.ஏ.ஏ. மீது ஆட்டக்காரர்கள் போட்ட வழக்கில் 2025இல் வந்த சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு போய், டீமுக்கு 34 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. 34 பேருக்கும் கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. டிவிஷன் த்ரீயிலும் ஐவி லீகிலும் (ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட எட்டுக் கல்லூரிகள்) விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடக் கிடையாது. ஐவி லீகில் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி. பல டிவிஷன் த்ரீ கல்லூரிகளில் மதிப்பெண்ணுக்கும் உதவி உண்டு.

ஆகவே மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ.வும் ஜாதகத்தில் ஒரு கட்டம். டிவிஷன் ஒன்னில் ஆடக் குறைந்தபட்சமே ஹைஸ்கூலில் 16 கோர் பாடங்களும் (ஆங்கிலம், கணக்கு, அறிவியல் போன்றவை) அவற்றில் 2.3 ஜி.பி.ஏ.வும் வேண்டும். நல்ல கல்லூரிகள் கேட்பது அதைவிட எவ்வளவோ அதிகம். ஷோகேஸ் கட்டணத்தைக் கணக்கு டியூஷனில் போட்டால் கூடுதல் லாபம் வரும் வீடுகள் உண்டு. எங்கள் வீடு அதில் ஒன்று.

படி 4: முதலில் கடிதம், பிறகு பயணம்

பையனே எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் கோச்சுக்கு இரண்டே வரியில் தெரிந்துவிடும். ஹைஸ்கூல் முடிக்கும் வருடம், ஆடும் இடம், உயரம், எடை, ஜி.பி.ஏ., அளந்த எண்கள், இரண்டு நிமிட வீடியோவின் இணைப்பு, வரப்போகும் ஆட்டங்களின் தேதி. இவ்வளவு போதும். ரிக்ரூட்டிங், அதாவது ஆள் சேர்க்கும் வேலை பார்க்கும் உதவி கோச்சுக்கு அனுப்புவது நல்லது.

பதினோராம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை டிவிஷன் ஒன் கோச்சுகள் தனிப்பட்ட முறையில் பதில் எழுத முடியாது, என்.சி.ஏ.ஏ. விதி. பத்தாம் வகுப்பில் பதில் வரவில்லை என்று பையன் முகம் வாடினால் இதைச் சொல்லுங்கள்.

வந்த பதிலைப் படிக்கவும் தெரிய வேண்டும். "எங்கள் கேம்புக்கு வா, இதோ இணைப்பு" என்பது பெரும்பாலும் பதிலே இல்லை. கல்லூரி கேம்புகள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதே விதி, அதனால் 'சிறப்பு அழைப்பு' என்பதில் சிறப்பு ஒன்றுமில்லை. "சனிக்கிழமை எத்தனை மணிக்கு, எந்த மைதானத்தில் ஆடுகிறாய்?" என்று கேட்டிருந்தால் அது பதில்.

படி 5: யார் வருகிறார்கள் என்று கேளுங்கள்

நடத்துபவர்களுக்கு ஃபோன் போட்டு, போன முறை நேரில் வந்த கல்லூரிகளின் பட்டியலைக் கேளுங்கள். 'அழைக்கப்பட்ட' பட்டியலை நீட்டுவார்கள், ஏமாறாதீர்கள். நேரில் வந்தவர்கள் பட்டியலில் பையன் எழுதிய கல்லூரிகள் இரண்டு மூன்றாவது இல்லையென்றால் விட்டுவிடுங்கள். குளிர்கால ஷோகேஸ் என்றால் என்.சி.ஏ.ஏ. காலண்டரையும் பாருங்கள். அந்த மாதங்களின் பெரும்பகுதியில் டிவிஷன் ஒன் கோச்சுகள் தங்கள் வளாகத்துக்கு வெளியே வந்து ஆட்டக்காரர்களைப் பார்க்கக்கூடாது. படிப்பில் கெட்டிக்காரப் பையன் என்றால் ஹெட்ஃபர்ஸ்ட் ஹானர் ரோல் மாதிரியான கேம்புகளை விசாரியுங்கள். டிவிஷன் த்ரீ, ஐவி கோச்சுகள் வருமிடம் அது.

போவதற்கு முந்தின வாரம், பதில் சொன்ன கோச்சுகளுக்கு மட்டும் தேதியும் ஜெர்ஸி எண்ணும் அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டு வருடம் கழித்து, பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில், நாங்கள் இரண்டாவது ஷோகேஸுக்குப் போனோம். பதில் எழுதியிருந்த மூன்று டிவிஷன் த்ரீ கோச்சுகளில் இருவர் வந்திருந்தார்கள். பாப் டைம் 2.06. ஆட்டம் முடிந்த பிறகு ஒருவர் வேலியோரம் வந்து கை கொடுத்தார். பாப் டைம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் கடிதத்திலேயே இருந்ததே. "அடுத்த வருஷம் கால்குலஸ் எடுக்கிறாயா?" என்று கேட்டார்.