கழற்சிக்காய்ப் பொடி: எங்கே தவறுகிறோம்?

திருநெல்வேலி டவுன் ரத வீதிப் பக்கம் நாட்டுமருந்துக் கடைகளில் கழற்சிக்காய் கிடைக்கும். சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று, பல்லாங்குழி ஆடினவர்களுக்குக் கைக்குப் பழகின கொட்டை. முன்பெல்லாம் வீக்கத்துக்கும் காய்ச்சலுக்கும்தான் தேடுவார்கள். இப்போது சினைப்பையில் நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) என்று மாதவிலக்கு தள்ளிப்போகிற பெண்பிள்ளைகளுக்காக அம்மாமார் வாங்குகிறார்கள். ஓட்டை உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பை நாலைந்து மிளகோடு இடித்து, வெறும் வயிற்றில் மோரில் கலக்கிக் கொடுப்பது வழக்கம். அப்படி ஒரு கசப்பு! "ஏட்டி, மூக்கப் பிடிச்சுக்கிட்டுக் குடி, கசந்தாத்தான் கட்டி கரையும்" என்று ஆச்சி பக்கத்திலேயே நிற்பாள்.

கழற்சியை நான் குறைசொல்லவில்லை. அதன் பருப்பு ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதை விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீர்க்கட்டி உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை என்பதால், பயன் இருக்கலாம் என்று நினைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் பெண்களிடம் பெரிய அளவில் சோதித்து உறுதிசெய்த மருந்து அல்ல இது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஏன் வரவில்லை என்று பார்க்காமலே வரவழைக்கப் பார்ப்பது. தைராய்டு கோளாறு, திடீரென்று எடை கூடுவது அல்லது குறைவது, கர்ப்பம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நாள் தள்ளினால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. கல்யாணம் ஆகாத பெண் என்று கூச்சப்பட்டு இதை விட்டுவிடாதீர்கள். கர்ப்பத்தில் கழற்சி பாதுகாப்பானது என்பதற்கு ஆதாரம் இல்லை. வயதுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருடங்கள் சுழற்சி முன்னே பின்னே இருப்பது சகஜம். ஸ்கேனில் தெரிகிற 'நீர்க்கட்டி', வளர்ச்சி பாதியில் நின்ற கருமுட்டைப் பைகள். கரைக்க வேண்டிய கட்டி எதுவும் அங்கே இல்லை, இளவயதில் அவை தெரிவதும் இயல்புதான். அதே சமயம், அந்த ஆரம்ப வருடங்கள் கழிந்தும் 90 நாளுக்கு மேல் வராமலே இருந்தால், பொடியைக் குடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகலாம்.

அப்புறம், டாக்டரிடம் மறைப்பது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் கழற்சியையும் சேர்த்தால், சர்க்கரை ரொம்பவே இறங்கி வியர்வை, படபடப்பு, கைநடுக்கம் வரலாம். மிளகும் சும்மா இல்லை. அதிலுள்ள பைப்பரின் சில மருந்துகளை ரத்தத்தில் கூடுதலாக ஏற்றிவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடாயின் அதில் ஒன்று. பொடி குடிக்கிறோமே என்று ஓடிக்கொண்டிருக்கிற மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து.

காலையில் கழற்சி, சாயந்திரம் கருப்பட்டி போட்டு உளுந்தங்களி என்று கொடுக்கிற வீடுகளும் உண்டு. உளுந்து நல்லது, நல்லெண்ணெயும் சரி. ஆனால் கருப்பட்டியும் சர்க்கரைதான். எடை கூடுதலாக உள்ள பெண்களில் பலருக்கு, அந்த எடையில் 5 சதவீதம் குறைந்தாலே மாதவிலக்கு ஒழுங்குக்கு வருகிறது. களியின் அளவைக் குறையுங்கள், பிள்ளையை நடக்க விடுங்கள்.

கழற்சி எடுத்தே தீரவேண்டும் என்றால் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஸ்கேன், தைராய்டு ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். மணிக்கு ஒரு பேடு நனைகிற அளவுக்கு ரத்தப்போக்கு இருந்தாலோ, தலைசுற்றினாலோ எந்தப் பொடியும் வேண்டாம், நேரே ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.