ஃப்ரேசல் வெர்ப்: மனப்பாடம் செய்யாமல் பொருளைப் பிடிப்பது எப்படி?

மீட்டிங் 'புட் ஆஃப்' என்று ஆபீஸ் மெயில் வந்தால் அது வேறொரு நாளுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. 'கால்டு ஆஃப்' என்று வந்தால் மீட்டிங்கே கிடையாது. புட், கால், ஆஃப் மூன்றுமே சின்ன வகுப்பில் படித்த சொற்கள்தான், சேர்ந்ததும் பொருள் மாறிவிடுகிறது. இப்படி ஒரு வினைச்சொல்லோடு குட்டிச் சொல் சேர்ந்து வருவதைத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்கிறோம். இதற்காக ஆயிரம் ஃப்ரேசல் வெர்ப் கொண்ட பிடிஎஃப்பை இறக்கி அகர வரிசையில் உருப்போடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எனக்குக் கைகொடுத்த வழியைச் சொல்கிறேன்.

படி 1: பட்டியலைச் சுருக்குங்கள்

கார்ட்னர், டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் 2007-ல் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் ஆங்கிலத் தொகுப்பை அலசினார்கள். அதில் வந்த ஃப்ரேசல் வெர்ப்களில் பாதிக்கு மேல், திரும்பத் திரும்ப வரும் வெறும் 100-தான். கோ ஆன், கேரி அவுட், செட் அப், பிக் அப், ஃபைண்ட் அவுட் எல்லாம் முன்வரிசையில் இருப்பவை. 2015-ல் கார்னியர், ஷ்மிட் இருவரும் 150 ஃப்ரேசல் வெர்ப்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் அதிகம் புழங்கும் பொருள்களை மட்டும் தொகுத்தார்கள். சராசரியாக ஒன்றுக்கு இரண்டு பொருள். தொடக்கத்துக்கு அது தாராளம்.

படி 2: பின்னால் வரும் குட்டிச் சொல்லைக் கவனியுங்கள்

'சாப்பிட்டான்' என்பதற்கும் 'சாப்பிட்டுத் தீர்த்தான்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும். ஈட் அப், யூஸ் அப், டேர் அப் மூன்றிலும் 'அப்' செய்வது அந்த வேலையைத்தான்: மிச்சமில்லாமல் முடிப்பது. கேரி ஆன், கீப் ஆன் இவற்றில் 'ஆன்' வந்தால் 'செய்துகொண்டே இரு'. ஃபைண்ட் அவுட், ஃபிகர் அவுட் இவற்றில் 'அவுட்' வந்தால் தெரியாதது வெளியே வருகிறது. டேக் ஆஃப், செட் ஆஃப், சீ ஆஃப் இவற்றில் 'ஆஃப்' வந்தால் ஏதோ ஒன்று விலகுகிறது, கிளம்புகிறது. எல்லா இடத்திலும் இது பலிக்காது. கிவ் அப் என்றால் கைவிடு, புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள். இவற்றை அப்படியே மனதில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

படி 3: 'இட்' எங்கே உட்கார வேண்டும்?

பொருள் தெரிந்தவர்களும் தடுக்கி விழும் இடம் இது, நிதானமாகப் படியுங்கள்.

"டர்ன் ஆஃப் தி ஃபேன்" சரி. "டர்ன் தி ஃபேன் ஆஃப்" என்பதும் சரி. ஆனால் ஃபேனுக்குப் பதில் 'இட்' போட்டால் "டர்ன் இட் ஆஃப்" மட்டும்தான் சரி. "டர்ன் ஆஃப் இட்" தவறு. தமிழில் 'அதை' என்பதிலேயே வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டிருப்பதால், எங்கே வைத்தாலும் பொருள் குழம்பாது. "அதை அணை" என்றாலும் "அணை அதை" என்றாலும் புரிந்துவிடும். அதனால்தான் ஆங்கிலத்தில் இந்த இடப்பிழை நம் காதில் உறுத்துவதில்லை.

மீ, ஹிம், ஹர், இட், தெம் போன்றவை வந்தால், பிரியக்கூடிய ஃப்ரேசல் வெர்பில் அவற்றுக்கு நடு இடம்தான். லுக் ஆஃப்டர், லுக் ஃபார், ரன் இன்டு போன்றவை பிரியாது: "லுக் ஆஃப்டர் ஹிம்", அவ்வளவுதான். லுக் ஃபார்வர்ட் டு, ரன் அவுட் ஆஃப் மாதிரி மூன்று சொல் வந்தாலும் பெரும்பாலும் 'இட்' கடைசியில்தான்.

எது பிரியும், எது பிரியாது என்று எப்படித் தெரியும்? லாங்மேன் அகராதியின் இணையதளத்தில் தேடுங்கள். பிரியக்கூடியவற்றில் 'சம்திங்' பக்கத்தில் இருபக்க அம்புக்குறி இருக்கும். இதற்காகவே மற்ற அகராதிகளைவிட லாங்மேன்தான் என் தேர்வு. நோட்டில் 'புட் ஆஃப் = தள்ளிப்போடு' என்று எழுதாமல் "லெட்ஸ் புட் இட் ஆஃப்" என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். பொருளும் இடமும் சேர்ந்தே மனதில் பதியும்.

படி 4: அன்கியில் போடுங்கள்

அன்கி என்பது நாம் எழுதிவைத்த கார்டுகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டி நினைவூட்டும் செயலி. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் காசு. கார்டின் முன்பக்கம் தமிழில் ஒரு சூழ்நிலை: "அம்மாவை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவர வேண்டும்". பின்பக்கம்: "ஐ ஹேவ் டு பிக் ஹர் அப் ஃப்ரம் தி ஸ்டேஷன்". வெறும் சொல்லும் பொருளுமாகப் போட்ட கார்டு, பேசும்போது வாயில் வராது.

பின்சேர்க்கை: லாகின் ஒரு சொல்லா, இரண்டா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வினைச்சொல் என்றால் 'லாக் இன்' என்று பிரித்து, பெயர்ச்சொல் என்றால் சேர்த்து. செட்டப், பேக்கப், செக்கப் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. உச்சரிப்பிலும் வினையில் பின் சொல்லுக்கு அழுத்தம், பெயரில் முன் சொல்லுக்கு.

ஆபீஸ் கடிதத்தில் இவற்றை எழுதலாமா என்பது இன்னொரு கேள்வி. கேரி அவுட், செட் அப், பாயின்ட் அவுட் எல்லாம் அறிக்கைகளிலேயே சர்வசாதாரணம், தயங்காமல் எழுதுங்கள். மேலதிகாரிக்கு முறையாக எழுதும் இடத்தில் மட்டும் புட் ஆஃபுக்குப் பதில் போஸ்ட்போன், கால் ஆஃபுக்குப் பதில் கேன்சல் போடுவது என் வழக்கம்.