பழைய அம்பாசடர்: கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா?

காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் பழைய கார்புரேட்டரே (கார்ப்) இருக்கட்டுமா, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறலாமா என்பதே கேள்வி. இங்கே பேசப்போவது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் உள்ள அம்பாசடரைப் பற்றி. 1.8 லிட்டர் இசுசூ இன்ஜின் வண்டிக்கு இதில் பாதி பொருந்தாது.

ஸ்லோ (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது உள்ள ஓட்டம்) நிற்கவில்லை, பிக்கப் இல்லை, பெட்ரோல் குடிக்கிறது என்பதற்காக இன்ஜெக்‌ஷன் போட நினைத்தால் முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பாருங்கள். நான்கு சிலிண்டர்களுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எதைப் போட்டாலும் பணம் வீண். அடுத்து டெல்கோ, அதாவது பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர். பாயின்ட் இடைவெளி 0.38 மிமீ இருக்க வேண்டும். வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தால் பிடிப்பு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உள்ளே இருக்கும் டயாஃபிரம் (சவ்வு) கிழிந்திருக்கிறது.

இவை சரியாக இருந்தால்தான் கார்புரேட்டர் மேல் சந்தேகப்பட வேண்டும். அங்கேயும் முதல் குற்றவாளி ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) அல்ல, த்ராட்டில் ஸ்பிண்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகட்டின் அச்சு). இன்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டு ஸ்பிண்டிலின் இரு முனைகளிலும் கார்ப் கிளீனரைக் கொஞ்சம் அடியுங்கள் (சூடான எக்ஸாஸ்ட் மேல் படாமல்). ஆர்பிஎம் மாறினால் அந்த வழியாகக் காற்று புகுகிறது. ஸ்க்ரூவை எத்தனை முறை திருகினாலும் ஸ்லோ நிற்காததற்குக் காரணம் இதுதான். நல்ல லேத்தில் ரீமர் போட்டு பித்தளை புஷ் அடித்து, புது ஸ்பிண்டில் போட்டால் தீர்ந்தது.

எஸ்யு வகை கார்ப் என்றால் மிக்சர் (காற்று-பெட்ரோல் கலவை) பார்ப்பது சுலபம். ஜெட் நட்டை மேலே முழுக்க ஏற்றி, அங்கிருந்து இரண்டு சுற்று இறக்கித் தொடங்குங்கள். இன்ஜின் சூடான பிறகு கார்பில் உள்ள பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். ஆர்பிஎம் ஏறி அப்படியே நின்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்). இன்ஜின் அணையப் பார்த்தால் லீன் (பெட்ரோல் குறைவு). ஒரு நொடி லேசாக ஏறி இறங்கினால் சரி. நட்டின் ஆறு பக்கங்களில் ஒரு பக்கம் அளவுக்கு மட்டும் திருப்பி மறுபடி சோதியுங்கள். அந்த பிஸ்டன் மேல் உள்ள டேம்பர் ஆயில் வற்றியிருந்தால் ஆக்சிலேட்டரை மிதித்ததும் திணறும்.

இப்போதைய தொல்லை எத்தனால். சுத்தமான பெட்ரோலில் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்தால் அது சுமார் 13.5 ஆகிறது. பழைய ஜெட்டோடு ஓட்டினால் வண்டி லீனாக ஓடும், சூடாகும். சோலெக்ஸ் வகை கார்ப் என்றால் மெயின் ஜெட்டில் உள்ள எண் துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. 120 இருந்தால் 125 போடுங்கள். துளையின் பரப்பு எட்டு சதவீதம் கூடும், அது போதும். அதோடு பழைய ரப்பர் ஓஸ், பேக்கிங் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குவதாக மாற்றிவிடுங்கள்.

வெயிலில் டிராஃபிக்கில் நின்று அணைந்துபோகும் ஏர்லாக்குக்கும் (சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பது) கார்பைத் திட்டிப் பயனில்லை. இந்த இன்ஜினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், கார்ப் எக்ஸாஸ்ட் சூட்டிலேயே வேகிறது. கார்ப் அடியில் பேக்லைட் ஸ்பேசர், அதன் கீழே ஹீட் ஷீல்டு, டேங்க் பக்கத்தில் 2.5 முதல் 3 பிஎஸ்ஐ தரும் எலக்ட்ரிக் பம்ப். இவ்வளவுதான் வைத்தியம்.

இதையெல்லாம் செய்த பிறகும் இன்ஜெக்‌ஷன் நியாயமாகும் ஒரு சூழல் உண்டு: தினமும் ஓட்டும் வண்டி, அடிக்கடி மலை ஏறும் வண்டி. ஊட்டி உயரத்தில் காற்று மெலிந்து கார்ப் தானாகவே பத்து சதவீதம் அளவுக்கு ரிச் ஆகும். இன்ஜெக்‌ஷன் தானே சரிசெய்துகொள்ளும்.

ஆனால் எந்த இன்ஜெக்‌ஷன் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்த ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்டேக் போர்ட் (கலவை நுழையும் வழி). 1-ம் 2-ம் ஒன்றைப் பகிர்கின்றன, 3-ம் 4-ம் மற்றொன்றை. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2. அதனால் ஒவ்வொரு ஜோடியிலும் உள்சிலிண்டர் (2, 3) முதலில் இழுக்கும், அரைச் சுற்றில் வெளிசிலிண்டர் (1, 4) இழுக்கும், பிறகு ஒன்றரைச் சுற்று வெறும் காத்திருப்பு. போர்ட்டில் சாதாரணமாக இன்ஜெக்டர் வைத்தால் அந்த இடைவெளியில் தேங்கும் பெட்ரோலை உள்சிலிண்டர் அள்ளிக்கொள்ளும், வெளிசிலிண்டர் லீனாகத் தவிக்கும். இதே அமைப்புள்ள பழைய மினிக்கு ரோவர் முதலில் ஒற்றை இன்ஜெக்டர்தான் வைத்தது. ஆகவே கார்ப் இருந்த இடத்தில் உட்காரும் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷனே இதற்கு ஏற்றது.

த்ராட்டில் பாடியைப் பொருத்துவது சின்ன வேலை, சுற்றியுள்ளதுதான் பெரிது. கிட்டைப் பொறுத்து பிரஷர் 43 பிஎஸ்ஐயோ அதற்கு மேலோ இருக்கும்; கார்ப் ஓஸும் சாதாரணக் கிளாம்பும் போட்டால் தீ விபத்துதான். இன்ஜெக்‌ஷன் ஓஸ், அதற்கான கிளாம்ப், ரெகுலேட்டர் டேங்கில் இல்லாத கிட் என்றால் ரிட்டர்ன் லைன், வளைவில் பம்ப் காற்றை இழுக்காதபடி டேங்கில் தடுப்பு, வண்டி மோதினால் பம்ப்பை நிறுத்தும் சுவிட்ச் எல்லாம் வேண்டும். டைனமோ வண்டியாக இருந்தால் ஆல்டர்னேட்டர் கட்டாயம். லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர்தான், ஸ்லோவில் ஏறக்குறைய ஒன்றுமே தராது. பாசிட்டிவ் எர்த் வண்டியை (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது) முதலில் நெகட்டிவ் எர்த் ஆக்குங்கள்.

ஆக்சிஜன் சென்சாரை சைலன்சர் பைப்பில் கிடைமட்டத்துக்கு மேல் குறைந்தது பத்து டிகிரி சாய்த்து வெல்டு செய்ய வேண்டும், இல்லையென்றால் தேங்கும் நீர் அதைக் கொல்லும். அதற்கு முன்னால் எக்ஸாஸ்ட் பேக்கிங் கசிந்தால் சென்சார் லீன் என்று பொய் சொல்லும், வண்டி பெட்ரோலை வாரி இறைக்கும். பிளக் ஒயர் ரெசிஸ்டர் வகையாக இருக்கட்டும். செம்புக் கம்பி ஒயரின் மின் இரைச்சலில் இசியு (இன்ஜெக்‌ஷனின் கம்ப்யூட்டர்) குழம்பும்.

ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் பதிவு எடுக்கும் எண்ணம் இருந்தால் இன்ஜினில் கை வைக்காதீர்கள். 2021 விதிப்படி பாடி, சேஸிஸ், இன்ஜின் மூன்றும் பெரிய மாற்றமின்றி இருக்க வேண்டும். மாற்றியே தீருவேன் என்றால் பழைய கார்ப், மேனிஃபோல்டு, பம்ப் மூன்றையும் ஆயில் தடவிக் கட்டி வையுங்கள். இன்ஜினில் பம்ப்பைக் கழற்றிய ஓட்டைக்குத் தகடும் பேக்கிங்கும் போட மறக்க வேண்டாம், மறந்தால் அந்த வழியாக ஆயில் ஒழுகும்.