பார்க்கின்சனுக்கு டோபமைனின் வேலையைச் செய்யும் மாத்திரை: வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்று உறுதியானதும் நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை பிராமிபெக்சோல். சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது எனக்குத் தெரிந்தது 'மூன்று வேளை' என்பது மட்டும்தான். மற்றதெல்லாம் போகப் போகக் கற்றுக்கொண்டது. புதிதாக இந்த மாத்திரை வீட்டுக்குள் வரும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். எவ்வளவு கொடுப்பது என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். கூட இருப்பவர்கள் பார்க்க வேண்டியவை வேறு.

பார்க்கின்சனில், மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால்தான் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வருகின்றன, நடையும் தளர்கிறது. பலருக்கும் தெரிந்த லெவோடோபா என்ற மருந்து மூளைக்குள் போய் டோபமைனாகவே மாறிவிடும். பிராமிபெக்சோலும் அதே வகை மருந்தான ரோபினிரோலும் அப்படி மாறுவதில்லை. டோபமைன் போய் உட்கார வேண்டிய இடத்தில் தாங்களே உட்கார்ந்து அதன் வேலையைப் பார்க்கும். நோயைக் குணப்படுத்தாது, தொந்தரவைக் குறைக்கும்.

படி 1: தொடங்கும் முன் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்

பிராமிபெக்சோல் பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. அதனால் சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் அளவைக் குறைத்துக் கொடுப்பார். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, குடிப்பழக்கம், பணம் வைத்துச் சீட்டாடும் பழக்கம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது என எதையும் மறைக்க வேண்டாம். சீட்டாட்டத்தை எதற்குக் கேட்கிறார்கள் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

படி 2: தசமப் புள்ளியைப் பாருங்கள்

வழக்கமாக 0.125 மி.கி. மூன்று வேளை என்று தொடங்கி, வாரத்துக்கு ஒரு முறை என்கிற கணக்கில் மெதுவாகக் கூட்டுவார்கள். கடையில் 0.125, 0.25, 0.5, 1, 1.5 என்று பல அளவுகள் உண்டு. எங்களுக்கு ஒருமுறை 0.25க்குப் பதில் 0.5 வந்துவிட்டது. ஸ்ட்ரிப்பின் நிறம் கொஞ்சம் வேறு மாதிரி இருந்ததால் தப்பித்தோம். கடையிலேயே நின்று, சீட்டையும் ஸ்ட்ரிப்பையும் பக்கத்தில் வைத்து எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். நாள் முழுக்க மெதுவாகக் கரையும் வகை என்றால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

படி 3: சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

முதல் வாரங்களில் குமட்டும். சாப்பிட்ட பின் போட்டால் அது குறையும். ஆனால் லெவோடோபாவும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அதன் கணக்கு வேறு: பருப்பு, முட்டை போன்ற புரதம் அதை உறிஞ்சவிடாமல் தடுக்கும் என்பதால் பெரும்பாலும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடச் சொல்வார்கள். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குமட்டலுக்கு நீங்களாக மருந்து வாங்கவே கூடாது. மெட்டோகுளோபிரமைடு போன்ற சில வாந்தி மருந்துகள் டோபமைனையே தடுப்பவை. நடுக்கம் கூடிவிடும்.

படி 4: எழுந்திருப்பதைப் பழக்குங்கள்

இந்த மாத்திரையால் எழுந்து நின்றதும் பிரஷர் சட்டென்று இறங்கலாம். விடியற்காலையில் பாத்ரூமுக்கு அவசரமாக எழும் நேரம்தான் ஆபத்து. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டு, இருபது எண்ணிய பிறகே எழ வேண்டும். படுத்தபடி ஒரு தடவை, நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பிரஷர் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 5: வண்டிச் சாவி

சிலருக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் தூக்கம் வந்துவிடும். அளவு நிலைப்படும் வரை ஸ்கூட்டர் வேண்டாம். அப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை.

படி 6: குணம் மாறுகிறதா?

மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். கத்தரிக்காய்க்கு ஐந்து ரூபாய் குறைக்காமல் நகராத மனிதர் எங்கள் அப்பா. மாத்திரை கூடிய இரண்டாவது மாதம் கூரியரில் டார்ச் லைட் வந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. பிறகு மூன்றாவது.

"எதுக்குப்பா மூணு?"

"ஆஃபர்ல வந்துச்சுடா."

மூளையில் ஆசையைத் தூண்டும் பகுதியையும் இந்த மருந்து தொடுகிறது. சூதாட்டம், கட்டுக்கடங்காத செலவு, ஓயாத தீனி, அளவு மீறிய பாலுணர்வு என எப்படியும் வெளிப்படலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 100க்கு சுமார் 17 பேரிடம் இது தெரிந்தது. தனக்கு இப்படி ஆகிறது என்று பலருக்கே புரியாது, புரிந்தாலும் வெட்கத்தில் சொல்ல மாட்டார்கள். ஆகவே வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளை ஒரு கண் பாருங்கள், ஆன்லைன் ரம்மி போனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். திட்டாதீர்கள், அது அவர் கெட்ட புத்தி இல்லை. அப்பாவுக்கு மருத்துவர் அளவைக் குறைத்ததும் கூரியர் நின்றது.

இல்லாத ஆள் நிற்பதாகச் சொன்னால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்.

படி 7: சட்டென்று நிறுத்தாதீர்கள்

ஏற்றியது போலவே இறக்குவதும் மெதுவாகத்தான். திடீரென நிறுத்தினால் பதற்றம், வியர்வை, வலி, மனச்சோர்வு வரலாம். கடும் காய்ச்சலோடு உடல் விறைத்து நினைவு குழம்பினால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. பல நாள் விட்டுப்போயிருந்தால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

அப்புறம், பூனைக்காலி விதைப் பொடி. யாராவது ஒரு சொந்தக்காரர் கட்டாயம் சொல்வார். அதில் லெவோடோபா நிஜமாகவே இருக்கிறது, அதுதான் சிக்கல். ஒரு ஸ்பூனில் எவ்வளவு என்று பொட்டலத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் மருத்துவர் போட்ட கணக்கு தப்பிவிடும். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால், அந்தப் பொட்டலத்தையும் அடுத்த முறை கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.