குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரைச் செய்தியில் எழுதும் முறை

காவல் நிலையத்திலிருந்து வரும் கைதுச் செய்திக்குறிப்பில் பெயர், தந்தை பெயர், வயது, தெரு என அனைத்தும் இருக்கும். கையில் கிடைத்துவிட்டது என்பதற்காக அவற்றை அப்படியே அச்சிடக்கூடாது. முதலில் சட்டம் தடுக்கிறதா என்று பாருங்கள். கைதானவர் 18 வயது நிறையாதவர் எனில், 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு பெயர், முகவரி, பள்ளி, படம் முதலிய அடையாளம் காட்டும் விவரம் எதையும் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்குகளில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை இன்று பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை; ஆனால் 'மகளுக்குப் பாலியல் தொல்லை, தந்தை கைது' என்று தலைப்பிட்டு அந்தத் தந்தையின் பெயரையும் தெருவையும் தந்துவிட்டால், ஊருக்குக் குழந்தை யார் என்று தெரிந்துவிடும். உறவை மட்டும் மறைத்தாலும் போதாது. ஒரு நாளிதழ் உறவை விட்டுப் பெயரைத் தர, இன்னொன்று பெயரை விட்டு உறவைத் தந்தால், இரண்டையும் படிப்பவர் எளிதில் சேர்த்துப் பார்த்துவிடுவார். உறவினர் மீதான வழக்கில் பெயரை விடுவதே பாதுகாப்பு.

சட்டத் தடை இல்லாத வழக்கில், அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். வெறும் புகார் நிலையில், பொதுப்பதவி வகிப்பவர் போன்றோரைத் தவிர மற்றவர் பெயரைத் தவிர்ப்பது நல்லது. கைதுக்குப் பின் பெயரை எழுதலாம். ஆனால் 'கொள்ளையன் கைது' என்பதற்கு மாறாக 'கொள்ளை வழக்கில் ஒருவர் கைது' என்றே எழுத வேண்டும். நீதிமன்றம் தண்டிக்கும்வரை 'குற்றவாளி' என்ற சொல்லுக்கு இடமில்லை. 'போலீசாரிடம் ஒப்புக்கொண்டார்' என்ற வாக்கியமும் ஆபத்தானது. காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சான்றாக ஏற்கக்கூடாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 25-ஆவது பிரிவில் கூறியதை, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டமும் 23-ஆவது பிரிவில் தொடர்கிறது.

தமிழில் நம்மையறியாமல் தீர்ப்பு எழுதும் இடம் வினைமுற்று. புகார்தாரர் 'வந்தார்', கைதானவர் 'வந்தான்' என எழுதும்போது, விசாரணை தொடங்குமுன்பே விகுதி தண்டித்துவிடுகிறது. இருவருக்கும் 'ஆர்' விகுதியே பொருந்தும். 'இன்னார் மகன் இன்னார் (28)' என்ற பழைய வழக்கத்தையும் யோசித்துப் பயன்படுத்துங்கள்: ஒரே பெயரில் பலர் வாழும் ஊரில் தலைப்பெழுத்தும் வயதும் மற்றவரைக் காப்பாற்றும் என்றாலும், வழக்கில் தொடர்பில்லாத தந்தையின் பெயரை முழுமையாக இழுப்பதற்கு அது காரணமாகாது. கதவு எண் ஒருபோதும் வேண்டாம்.

கைதானவரைப் பலருக்கிடையே நிறுத்திச் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு நடைபெறவிருந்தால் முகம் தெரியும் படத்தை வெளியிடாதீர்கள். சாட்சி படத்தைப் பார்த்துவிட்டு அடையாளம் காட்டினார் என்ற வாதம் வழக்கையே பலவீனப்படுத்தும்.

பெயரை வெளியிட்ட நாளிலேயே காவல் நிலையக் குற்ற எண்ணையும் நீதிமன்றத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டு கழித்து அவர் விடுதலையானால், கைதுச் செய்திக்குத் தந்த அதே அளவு இடத்தில் அதை வெளியிட்டு, இணையத்திலுள்ள பழைய செய்தியின் தொடக்கத்திலும் தீர்ப்பைச் சேர்க்க அந்தக் குறிப்பு தேவைப்படும்.